பேசி முடித்துக்கொள்ளலாம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



வேலையிடத்தில் எழும் புகார்களை, குறிப்பாகப் பெண்கள் தரும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை, முதலாளி எப்படிக் கையாள வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். சட்டத்தை விளக்கச் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அதற்கு நான் தேவையில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மொத்தமே 30 பிரிவுகள்தான். ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். எனக்குப் பேச ஆசையுள்ள இடம் வேறு. புகார் வந்து சேர்ந்த நேரத்துக்கும் அதை விசாரிக்கும் குழு முதன்முதலாகக் கூடும் நாளுக்கும் நடுவே முதலாளி என்ன செய்கிறார்? பெரும்பாலான புகார்களின் கதி அந்த இடைவெளியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தொழில் வழக்கறிஞனாகவும், பல ஆலைக் குழுக்களில் வெளி உறுப்பினராகவும் இருந்த வகையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. “நம்ம கம்பெனி ஒரு குடும்பம் மாதிரிங்க.” சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தீபாவளிக்குத் தொழிலாளியின் வீட்டுக்குப் பலகாரம் போகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கிடைக்கும். கல்யாணத்துக்கு முதலாளியே வந்து முன்வரிசையில் உட்காருவார். ஆனால் இப்படிப்பட்ட ஒரு விஷயம் வந்தால் நம் குடும்பங்கள் என்ன செய்யும் என்பதும் இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். வெளியே தெரியக்கூடாது என்பார்கள். பெண்ணைக் கொஞ்ச நாளைக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். தப்புச் செய்தவனைத் திட்டிவிட்டு அன்றிரவே அவனுக்குச் சோறு போடுவார்கள். அதே நடைமுறைதான் ஆலைக்குள்ளும் வருகிறது. சித்தி வீட்டுக்குப் பதில் இரண்டாவது யூனிட், அவ்வளவுதான் வித்தியாசம். “எதுக்குங்க கமிட்டி அது இதுன்னு, பேசி முடிச்சுக்கலாம்” என்று முதலாளி சொல்லும்போது அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு புகார் செத்துப்போகிறது. குடும்பத்தலைவர் வேடத்தைக் கழற்றி வைக்காமல் எந்த முதலாளியாலும் ஒரு புகாரை நேர்மையாகக் கையாள முடியாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

இந்தச் சட்டம் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி என்பவர் ‘சாத்தின்’ என்ற பொறுப்பில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. பிறந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கலாக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இதில் வேலை கொடுத்தவரின் பங்கை யோசித்துப் பாருங்கள். வேலையைச் செய்யப் போனதால்தான் அவருக்கு அந்தக் கொடுமை நேர்ந்தது. ஆனால் வேலை கொடுத்தவரைப் பொறுப்பாக்க அன்று தனியே ஒரு சட்டம் இல்லை. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அந்த ஓட்டையை அடைக்கத்தான். 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா, சுஜாதா மனோகர், பி.என்.கிர்பால் ஆகியோர் அடங்கிய அமர்வு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சட்டம் வரும்வரை அதுவே சட்டம் என்றது. சட்டம் வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. புகாரை விசாரிக்கும் குழுவை நம் பக்கத்தில் இன்றும் ‘விசாகா கமிட்டி’ என்றுதான் சொல்கிறோம். விசாகா என்பது பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. அது வழக்குத் தொடுத்த அமைப்பின் பெயர்.

2013 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழுவை அமைக்கச் சொல்கிறது. தலைமை அலுவலகத்தில் ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்; போதாது, கிளைக்குக் கிளை வேண்டும். பத்துக்குக் குறைவானவர்கள் இருக்கும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. காண்ட்ராக்ட் ஆள், தினக்கூலி, பயிற்சியாளர், சம்பளமே இல்லாமல் வந்து போகும் கல்லூரி மாணவி எல்லோரும் இந்தச் சட்டத்தின் கணக்கில் ஊழியர்கள்தான். முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் வேலையிடம்தான். ஆலை வேனில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிவரும் ஓட்டுநர் செய்வதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். “வேன் காண்ட்ராக்ட் வேற ஆளுங்க” என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி, புகார் வந்த முதல் மணி நேரம்.

ஒரு பெண் வந்து சொல்கிறாள். எழுதிக் கொண்டுவருவது அபூர்வம். மதிய இடைவேளையில், அழுகையோடு, பாதிக் கதையாகத்தான் வரும். எதிரே இருப்பவர் முதலாளியாகவோ மனிதவள அதிகாரியாகவோ இருக்கலாம். அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ஏம்மா, அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல?” அடுத்தது, “நீ எதாவது சிரிச்சுப் பேசினியா?” இரண்டு கேள்வியிலேயே விசாரணையும் முடிந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் முதலாளிக்கு ஒரே ஒரு வேலைதான். கேட்க வேண்டும், எழுதி வாங்க வேண்டும். அவளுக்கு எழுத வராது என்றால் எழுத உதவி செய்வது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது. தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உண்மையா பொய்யா என்பது உங்கள் தலைவலி அல்ல. அதைத் தீர்மானிக்கத்தான் குழு இருக்கிறது.

அதே நேரத்தில் செய்யக்கூடாத ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவரை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு, “என்னப்பா இது, உன் மேல இப்படிச் சொல்றாங்க” என்று கேட்பது. இருபது வருடப் பழக்கம் என்பதால் கை தானாக இன்டர்காமுக்குப் போகும். போகட்டும் என்று விட்டால் அன்று மாலைக்குள் சாட்சிகள் அத்தனை பேருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அதைவிட அவசரமாகச் செய்ய வேண்டியது கேமரா பதிவைப் பிரதி எடுத்து வைப்பது. பதிவுக் கருவிகள் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். குழு கூடிக் கேட்கும்போது “அது ஓவர்ரைட் ஆயிருச்சுங்க” என்ற பதில் வரும். வருகைப் பதிவேடு, வாயில் பதிவேடு, ஷிஃப்ட் பட்டியல் எல்லாவற்றையும் அன்றே பத்திரப்படுத்துங்கள்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பது விதி. அது ஒரு தொடர்கதையாக இருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். இந்தக் கெடுவை முதலாளிகள் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மற்றக் கெடுக்கள் அந்த அளவுக்கு நினைவில் இருப்பதில்லை: விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், முடிந்த பத்து நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கைக்கு வந்த 60 நாளில் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

விசாரணை நடக்கும்போது இருவரையும் பிரித்துவைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்லெண்ணம் அதிகம் தவறு செய்வது இங்கேதான். “உன் பாதுகாப்புக்காகத்தாம்மா” என்று சொல்லிப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். சட்டத்தின் 12ஆவது பிரிவு இடைக்கால நிவாரணத்தை அவள் எழுத்தில் கேட்டால், குழு பரிந்துரைத்தால் தரச் சொல்கிறது. மாற்றப்படுவது அவளாகவும் இருக்கலாம், குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கலாம். அவளுக்கு உரிய விடுப்பு போக மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பும் தரலாம். அவளுடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பிலிருந்து அவரை விலக்கலாம். பனியன் கம்பெனியில் ஒரு டெய்லரை லைன் மாற்றினால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் திருப்பூர் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை பழகிய வேலை போய்ப் புது வேலை வரும். பீஸ் எண்ணிக்கை குறையும், ஊக்கத்தொகை குறையும், வாரச் சம்பளத்தில் அது தெரியும். சனிக்கிழமை கவர் வாங்கும்போது மற்றப் பெண்கள் கற்றுக்கொள்ளும் பாடம், புகார் கொடுத்தால் சம்பளம் குறையும் என்பதுதான். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சூப்பர்வைசரை மாற்றுங்கள். அவர் சம்பளம் மாதச் சம்பளம். எந்தத் தளத்தில் நின்றாலும் அதே தொகைதான்.

அப்படியானால் பேசி முடிக்கவே கூடாதா? சட்டம் அதற்கும் ஒரு கதவு வைத்திருக்கிறது. சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டால், விசாரணை தொடங்குமுன், குழு அதைச் செய்யலாம். பணம் அந்தச் சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் வெட்டிவிடுவது நாம் பழகிய பஞ்சாயத்தைத்தான். ‘ஐம்பதாயிரம் குடுத்து அனுப்பிடலாம்’ என்பதும் முடியாது, ‘பெரியவங்க சொல்றாங்க, ஒத்துக்கோம்மா’ என்பதும் முடியாது.

குழுவைப் பற்றி. எழுத்தாணையால் அமைக்க வேண்டும், மூத்த பெண் ஊழியர் தலைமை, குறைந்தது பாதிப் பேர் பெண்கள், ஒருவர் வெளியாள், பதவி மூன்றாண்டுக்கு மிகாமல். காகிதத்தில் இது எல்லா இடத்திலும் சரியாகவே இருக்கும். உள்ளே பார்த்தால் தலைவர் முதலாளியின் மைத்துனி. வெளி உறுப்பினர் கம்பெனியின் ஆடிட்டர் மனைவி, அல்லது என்னைப் போல ஒரு வழக்கறிஞர், அதே கம்பெனிக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆஜராகிறவர். ஒரு சங்கடமான உண்மை: வெளி உறுப்பினர்களுக்குப் பணம் தருவதும் முதலாளிதான். அதனால் எங்களில் பலர் எதிர்க்கேள்வி கேட்பதைவிடத் தேநீர் குடிப்பதில் தேர்ந்தவர்கள். நல்ல முதலாளி தன்னை எரிச்சல்படுத்தக்கூடிய ஒருவரைத் தேடிப் போட வேண்டும்.

குழு ஒழுங்காக இல்லையென்றால் என்ன விலை? சட்டம் சொல்லும் அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை. ஒரு கன்டெய்னர் தாமதமானால் இதைவிட அதிகம் போகும். ஆனால் 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய முறையில் குழு அமைக்காத ஒரு மென்பொருள் நிறுவனத்தை, புகார் தந்த பெண் ஊழியருக்கு 1.68 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த எண்ணைச் சொன்னால்தான் சில அறைகளில் பேனா எடுத்துக் குறிக்கிறார்கள். குறிக்கட்டும்.

விசாரணையில் எதிர்த்தரப்புக்கு உரிமை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புகாரின் நகல் அவருக்கு ஏழு வேலைநாளில் போக வேண்டும். பதில் தரப் பத்து வேலைநாள் உண்டு. சாட்சிகளை மறுக்கவும் தன் சாட்சிகளைக் கொண்டுவரவும் வாய்ப்புத் தர வேண்டும். கோவா பல்கலைக்கழக வழக்கை முதலாளிகள் படிக்க வேண்டும். 2009இல் மாணவிகள் ஒரு துறைத்தலைவர் மீது புகார் தந்தார்கள். குழு 39 நாட்களில் 18 முறை கூடியது; அவர் பணிநீக்கம் ஆனார். அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்லப் போதிய அவகாசம் இல்லை என்று சொல்லி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்துசெய்து விசாரணையைத் திருப்பி அனுப்பியது. பதினான்கு ஆண்டு! அந்த மாணவிகள் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், குடும்பமாகியிருப்பார்கள். கோப்பு மட்டும் ஆரம்ப இடத்துக்கே வந்து நின்றது. குழு காட்டிய அவசரத்தின் விலையை இரு தரப்பும் கொடுத்தன. அதே தீர்ப்பில்தான், நாட்டின் 30 விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16இல் குழுவே இல்லை என்ற பத்திரிகைச் செய்தியையும் நீதிமன்றம் எடுத்துக் குறித்தது.

“சாட்சியே இல்லையே, எப்படி முடிவெடுக்க?” என்பார்கள். இப்படிப்பட்டவை சாட்சி வைத்துக்கொண்டு நடப்பதில்லை. இது குற்றவியல் நீதிமன்றமும் அல்ல. சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். அன்றிரவு அவள் விடுதித் தோழியிடம் சொன்னாளா, மறுநாள் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாளா, கைபேசியில் என்ன செய்திகள் வந்தன, காரணமில்லாமல் எந்தெந்த நாட்கள் வராமல் இருந்தாள்? இவையெல்லாம் பேசும். “தப்பான எண்ணத்தில் தொடவில்லை” என்ற பதில் எல்லா விசாரணையிலும் வரும். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா தந்த தீர்ப்பு அதற்குப் பதிலாக இருக்கிறது. செய்தவரின் உள்ளெண்ணத்தைவிட, அந்தச் செயலைப் பெண் எப்படி உணர்ந்தாள் என்பதுதான் சட்டத்தின் கணக்கு என்று அது சொல்கிறது.

பொய்ப் புகார் பயமும் உண்டு. 14ஆவது பிரிவு தீய நோக்கத்தோடு தரும் புகாருக்கு நடவடிக்கை எடுக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பல ஆலைகளில் அறிவிப்புப் பலகையில் முதல் பாதியை மட்டும் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

ரகசியம் காப்பது பற்றிச் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. மீறினால் ஐயாயிரம் ரூபாய். அதே சட்டத்தின் விதிகள்தான் புகாரை ஆறு நகல்களாகத் தரச் சொல்கின்றன. கம்பெனி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஆறு நகல் எடுத்த பிறகு என்ன ரகசியம்? ஒரு ஸ்கேனரும் கடவுச்சொல்லும் போட்டுக் குழுத் தலைவரிடமே வைத்துவிடலாம், செலவு பெரிதல்ல.

ஆண்கள் தரும் புகார், சாதிச் சொல் சொல்லித் திட்டியது, அடித்தது, கையாடல் ஆகியவை இந்தச் சட்டத்துக்குள் வராது. அவற்றுக்கு நிறுவனத்தின் நிலையாணைகள் இருக்கின்றன. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணை, பணியிடை நீக்கம் செய்தால் பிழைப்பூதியம் என்று அந்த வழி உங்களுக்குப் பழகியதே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான சாதி வசைக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அறிக்கை வந்தாயிற்று, குற்றம் உறுதி. அப்போது குடும்பத்தலைவர் மறுபடி எட்டிப் பார்ப்பார். “ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுப்பா, ரெண்டு பேருக்கும் மரியாதை.” அவர் எழுதிக் கொடுப்பார்; நன்னடத்தைச் சான்றிதழும் கையில் வாங்கிக்கொள்வார். அடுத்த மாதம் பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆலையில் அதே பதவி. அங்கே இருக்கும் பெண்களுக்கு எதுவும் தெரியாது. விசாரணையும் அதன் மேல் நடவடிக்கையும் முடியும்வரை ராஜினாமாவை ஏற்காமல் நிறுத்திவைக்கும் விதியை நிலையாணையிலேயே எழுதிக்கொள்ளலாம். எழுதச் சொல்லி நான் கேட்ட இடங்களில் பலர் சிரித்து மழுப்பினார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2021 ஜனவரியில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். மாதக்கணக்கில் தொல்லை இருந்தது என்று குடும்பமும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணி, வெளிநாட்டு வாங்குபவர்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகத் தொழிற்சங்க வட்டாரத்தில் பேசப்படுவது அதுதான். நான் அதில் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான். பெண்கள் தங்கள் லைனிலேயே இருக்கும், சங்கத்தின் பயிற்சி பெற்ற, தங்களில் ஒருத்தியிடம் போய்ச் சொல்ல அது வழி செய்தது. புகார் சூப்பர்வைசர் வழியாக மேலே ஏற வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தம் எல்லா ஆலைக்கும் பொருந்துமா என்று முதலாளிகள் சங்கடப்படுவதைக் கேட்டிருக்கிறேன். சங்கத்தை உள்ளே விட மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் இந்த வழியையாவது தாங்களே அமைத்துக்கொள்ளலாம்.

2025 ஜூலை 14 முதல், கம்பெனிகள் தங்கள் இயக்குநர் குழு அறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளுக்கு மேல் எத்தனை நிலுவை என்று எண்களோடு சொல்ல வேண்டும். கூட்டாண்மையிலும் தனி உரிமையிலும் நடக்கும் நம் பனியன் கம்பெனிகளில் பலவற்றை இது தொடாது. எழுதியாக வேண்டிய கம்பெனிகளுக்குப் பூஜ்யம் என்று எழுத ஆசை வரும். ஆயிரம் பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் வருடத்துக்குப் பூஜ்யம் என்றால் நான் நம்பமாட்டேன். அங்கே யாருக்கும் குழுவின் பெயர்கள் தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்வேன். மூன்று என்று எழுதியிருந்தால் அந்த மூன்றும் எப்படி முடிந்தன என்று கேட்பேன்.

கடைசியாக ஒன்று. இன்று நம் ஆலைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பெண்கள் விடுதி விடுதியாக இருக்கிறார்கள். சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி, ஆண்கள் நின்று பார்க்காத இடமான கழிப்பறைச் சுவரில் ஒட்டுவதை யாராலும் செய்ய முடியும். மொழிபெயர்ப்புதான் சிக்கல். அந்தப் பெண் ஒடியாவில் சொல்வதைக் குழுவுக்குத் தமிழில் சொல்ல ஆலையில் யார் இருக்கிறார்? பெரும்பாலும் ஆள் கூட்டிவந்த ஏஜென்ட், அல்லது இரண்டு மொழியும் தெரிந்த அந்த லைன் சூப்பர்வைசர். புகார் அவர் மேலேயே இருக்கலாம். இல்லையென்றால் அவருடைய அறைத்தோழர் மேல். ஒரே ஊரில் இருக்கும் ஆலைகள் சேர்ந்து, எந்த ஆலைக்கும் கட்டுப்படாத இரண்டு மூன்று பெண் மொழிபெயர்ப்பாளர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். சம்பளத்தைத் தொழில் அமைப்புகள் பொதுநிதியிலிருந்து தரலாம். அந்த அமைப்புகளின் நிர்வாகிகள் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். தேநீர் இடைவேளையில் இதைப் பேசத் தயாராக இருக்கிறேன்.